மரத்தளம் போடப் போகிறீர்களா? முதலில் ஈரத்தைப் பாருங்கள்

நம்மவர் வீட்டுத் தரைக்கு ஒரு வரலாறு உண்டு. தோட்டத்து லயங்களில் சிலர் பலகைத் தரையில் பிறந்தார்கள். சிலர் சாணம் மெழுகிய மண் தரையில் தவழ்ந்தார்கள். பிறகு சிமெந்துத் தரை வந்தது. அதன்மேல் தீபாவளிக்குத் தீபாவளி மாற்றும் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு வந்தது. பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு டைல்ஸ் தரை கிடைத்தது. இப்போது பலருக்கு மரத்தளத்தின்மேல் ஆசை பிறந்திருக்கிறது.

ஆசையில் தவறில்லை. வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும் நமக்கு மரம் இதமானது. டைல்ஸ் காலின் சூட்டை விரைவாக இழுத்துக்கொள்ளும். மரம் அப்படி இழுப்பதில்லை. முழங்கால் வலியோடு விடியற்காலையில் எழுந்து நடமாடும் தாய்க்கும், தரையே விளையாட்டுத் திடலாக வாழும் பேரக்குழந்தைக்கும் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

கடைக்குப் போனால் "எஞ்ஜினியர்ட் வுட்" என்று ஒன்றைக் காட்டுவார்கள். தமிழில் அதை அடுக்கு மரத்தளம் என்று சொல்லலாம். தேன் நிறம், காப்பி நிறம், சாம்பல் நிறம் என்று வகைவகையாக எடுத்து வைப்பார்கள். கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் நிறத்தைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசுவார்கள். அந்தப் பலகை எந்தத் தரையின்மேல் படுக்கப் போகிறது, அந்தத் தரை காய்ந்திருக்கிறதா என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆனால் மழையும் புழுக்கமும் நிறைந்த நம் நாட்டில் மரத்தளம் நிலைப்பதும் கெடுவதும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைத் தரையில் விரிக்கப் போகிறவர்கள் இதைப் பொறுமையோடு படித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

எது மரம், எது மரத்தின் படம்?

கடையில் மரம்போலத் தெரிபவை எல்லாம் மரம் அல்ல. நான்கு வகை இருப்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது முழுமரப் பலகை. மேலிருந்து கீழ்வரை ஒரே மரம். பழைய அரசாங்கக் குவார்ட்டர்ஸ் வீடுகளிலும் துரை பங்களாக்களிலும் நாம் பார்த்தது இதுதான்.

இரண்டாவது அடுக்கு மரத்தளம். மேலே உண்மையான நல்ல மரத்தின் ஒரு தகடு இருக்கும். அதன்கீழே பிளைவுட்டோ, சிறு மரத்துண்டுகளைச் சேர்த்து ஒட்டிய பலகையோ, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையோ இருக்கும். மொத்தக் கனம் பெரும்பாலும் 12 மில்லிமீட்டரிலிருந்து 20 மில்லிமீட்டர் வரை வரும்.

மூன்றாவது லேமினேட். அழுத்திய மரத்தூள் பலகையின்மேல் மரத்தின் படம் அச்சடித்த தாளை ஒட்டி, அதற்குமேல் கடினமான பிசின் பூச்சு கொடுத்திருப்பார்கள். நான்காவது வினைல். இது பிளாஸ்டிக். இதன்மேலும் மரத்தின் படம்தான் இருக்கும்.

லேமினேட்டையோ வினைலையோ நாம் குறை சொல்லவில்லை. அவரவர் தேவைக்கு அவையும் பயன்படும். நல்ல வினைல் தண்ணீருக்கு அஞ்சாது. ஆனால் படத்தைக் காட்டி மரத்தின் விலையை வாங்க யாருக்கும் இடம் கொடுக்கக் கூடாது. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மாதிரிப் பலகையைக் கையில் வாங்கி, அதன் முகத்தைப் பார்ப்பதோடு நில்லாமல் வெட்டுப்பட்ட ஓரத்தைப் பாருங்கள். மேல் தகட்டில் உள்ள மர ரேகை ஓரத்திலும் இறங்கித் தெரிந்தால் அது மரம். மேலே மெல்லிய தாள்போல ஒரு கோடு மட்டும் தெரிந்தால் அது படம். பத்துப் பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் பரப்பச் சொல்லுங்கள். ஒரே கணு, ஒரே சுழி திரும்பத் திரும்ப வந்தால் அதுவும் அச்சடித்ததே. காட்டில் வளர்ந்த இரண்டு மரங்களுக்கு ஒரே முகம் இருப்பதில்லை.

ஏன் அடுக்கினார்கள்?

மரம் வெட்டிய பிறகும் மூச்சு விடும் என்று பழைய ஆசாரிகள் சொல்வார்கள். காற்றில் ஈரம் கூடினால் மரம் அதை உறிஞ்சிப் பருக்கும். ஈரம் குறைந்தால் சுருங்கும். இதில் ஒரு விசேஷம் உண்டு. மரம் நீளவாட்டில் அநேகமாக அசைவதே இல்லை. அகலவாட்டில்தான் பருத்துச் சுருங்கும்.

நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் சராசரியாக நூற்றுக்கு 80 அளவில் இருக்கிறது. அந்தக் காற்றில் கிடக்கும் மரம் தன் எடையில் நூற்றுக்கு 15 அல்லது 16 பங்கு ஈரத்தை வைத்துக்கொள்ளும். அதே மரத்தை நாள் முழுதும் குளிர்சாதனம் ஓடும் அறையில் வைத்தால் ஈரம் 10 பங்கு அளவுக்கு இறங்கிவிடும். இந்த மாற்றத்தில் 5 அங்குல அகலமுள்ள முழுமரப் பலகை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அசையக்கூடும். பலகைக்கு ஒரு மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். 12 அடி அகல அறையில் 29 பலகைகள் வரும். மொத்தம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர்! சுவருக்கும் பலகைக்கும் நடுவே இடமில்லையென்றால் அந்த மரம் எங்கே போகும்? மேலேதான் எழும்பும்.

இதற்கு மாற்று வழி தேடியதில் பிறந்ததே அடுக்கு மரம். சுவீடன் நாட்டில் நிப்ரோ என்ற ஊரைச் சேர்ந்த குஸ்தாவ் ஷார் என்பவர் பல அடுக்குத் தளப் பலகைக்கு 1941ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அவர் வழி எளிமையானது. ஓர் அடுக்கின் ரேகை கிழக்கு மேற்காக ஓடினால், அடுத்த அடுக்கின் ரேகை வடக்குத் தெற்காக ஓடும்படி ஒட்டினார்கள். ஓர் அடுக்கு அகலவாட்டில் பருக்க முயன்றால், நீளவாட்டில் அசையாத அடுத்த அடுக்கு அதைப் பிடித்து நிறுத்தும். கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் கோபத்தை மற்றவர் அடக்குவதுபோல என்று சொல்லலாம்.

ஆகவே அடுக்கு மரத்தைப் போலி மரம் என்று நினைக்க வேண்டாம். குளிர்சாதனம் ஓடும் அறைக்கு அது முழுமரத்தைவிடப் பொருத்தமானது. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். அடுக்கு முறை அசைவைக் குறைக்குமே தவிர, தண்ணீரைத் தடுக்காது. கீழிருந்து ஈரம் ஏறினால் ஒட்டுப் பசை விடும். மேல் தகடு உரியும். பலகையின் இரு ஓரமும் தூக்கிக்கொண்டு நடுவில் குழி விழும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

புது வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சி, மறுவாரமே தளம் போட ஆள் கூப்பிடுவது நம்மவர் வழக்கம். இங்கேதான் நிதானம் வேண்டும். கான்கிரீட் மேலே காய்ந்ததுபோல வெளுத்துத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டடத் துறையில் வழங்கும் பொதுவான கணக்கு. நான்கு அங்குலத் தரை என்றால் நான்கு மாதமாவது காய வேண்டும். அதன்மேல் புதிதாகச் சிமெந்து பூசிச் சமப்படுத்தினால் அதற்கும் சேர்த்துக் காத்திருக்க வேண்டும்.

தரை வீடுகளில் இன்னொரு வழியும் உண்டு. மண்ணிலுள்ள ஈரம் கான்கிரீட் வழியாக மேலே ஏறும். இதைத் தடுக்கக் கான்கிரீட் ஊற்றுமுன் கீழே பிளாஸ்டிக் தாள் விரிப்பார்கள். அது கிழிந்திருந்தாலோ, பழைய வீடுகளில் விரிக்காமலே விட்டிருந்தாலோ ஈரம் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். சுவரின் அடிப்பகுதியில் சாயம் உப்பி உதிர்கிறதா? டைல்ஸ் இடுக்குகளில் வெள்ளை உப்புப் பூக்கிறதா? அலமாரியின் அடிப்பலகையில் பூசணம் பிடிக்கிறதா? இவையெல்லாம் ஈரம் கொடுக்கும் முன்னறிவிப்பு.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையைச் சொல்கிறோம். தெளிந்த, கனமான பிளாஸ்டிக் தாளில் 18 அங்குலச் சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். வெயில் நேரே படாத இடத்தில், டைல்ஸ் இல்லாத வெறும் சிமெந்துத் தரையில் அதை விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒரு முழு நாள் அப்படியே விடுங்கள். மறுநாள் பிரித்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ, அந்த இடத்துச் சிமெந்து கறுத்திருந்தாலோ தரை இன்னும் காயவில்லை. அறைக்கு ஓர் இடம் என்று இரண்டு மூன்று இடங்களில் செய்து பார்ப்பது நல்லது.

இந்தச் சோதனையில் ஈரம் தெரிந்தால் அது உறுதியான எச்சரிக்கை. தெரியாவிட்டால் அதோடு திருப்தி அடைந்துவிட வேண்டாம். தளம் போட வருபவரிடம் ஈரம் அளக்கும் கருவி இருக்க வேண்டும். கான்கிரீட்டின் ஈரப்பதம் நூற்றுக்கு 75க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் கட்டட வழக்கம். அளந்து பார்த்த எண்ணை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கருவியும் இல்லை, அளக்கவும் மாட்டேன் என்பவருக்கு உங்கள் வீட்டில் வேலை இல்லை.

மலேசியாவில் மேம்பாட்டு நிறுவனத்திடம் புது வீடு வாங்கியவர்களுக்கு இன்னொரு விஷயம். வீடமைப்புச் சட்டத்தின்கீழ் எழுதும் விற்பனை ஒப்பந்தத்தில், சாவி கிடைத்ததிலிருந்து 24 மாதங்களுக்குள் தெரியவரும் கட்டடக் குறைகளை நிறுவனமே சரிசெய்து தர வேண்டும் என்று இருக்கிறது. தரையில் ஈரம் கசிந்தால் அந்தக் காலத்துக்குள், அதுவும் மரத்தளம் போடுமுன்பே, எழுத்து மூலம் புகார் கொடுங்கள். மேலே பலகையை மூடிவிட்டால் குறை யாருடையது என்று நிரூபிக்க நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.

மேல் தகட்டின் கனம்

ஈரத்துக்கு அடுத்தபடியாகக் கேட்க வேண்டிய கேள்வி, மேலே உள்ள நல்ல மரத்தின் கனம் எவ்வளவு என்பது. பலகை 15 மில்லிமீட்டர் என்று கடைக்காரர் சொல்வது மொத்தக் கனம். அதில் மேல் தகடு அரை மில்லிமீட்டரும் இருக்கலாம்; 4 மில்லிமீட்டரும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆயுளில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

காரணம் இதுதான். மரத்தளம் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கீறல் விழுந்து மங்கும். அப்போது மேலே இழைத்துப் புதுப் பூச்சுக் கொடுத்தால் மறுபடியும் புதிதாகிவிடும். ஒரு முறை இழைக்க அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை மரம் போய்விடும். மேல் தகடு ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் இழைக்கவே முடியாது. 2 மில்லிமீட்டர் என்றால் கவனமாக ஒரு முறை இழைக்கலாம். 4 மில்லிமீட்டர் என்றால் இரண்டு மூன்று முறை தாங்கும். வாடகைக்கு விடப்போகும் வீட்டுக்கு மெல்லிய தகடு போதும். பிள்ளைகள் வளர்ந்து கல்யாணம் ஆகும்வரை இருக்கப்போகும் வீட்டுக்குக் கனமான தகடே கடைசியில் மலிவு.

எந்த மரம்?

மெர்பாவ் நம் நாட்டு மரம். 2019ஆம் ஆண்டில் மலேசியாவின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது. செம்பழுப்பு நிறம், நல்ல கனம், அசைவு குறைவு. நனைந்தால் பழுப்புச் சாயம் விடும் குணம் மட்டும் இதற்கு உண்டு. கெம்பாஸும் நம் நாட்டு மரம், கடினமானது, இளஞ்சிவப்பு நிறத்தில் தொடங்கி நாளடைவில் ஆரஞ்சு கலந்த சிவப்பாக மாறும். தேக்கைப் பற்றி நம்மவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓக் மரம் வெளிநாட்டிலிருந்து வருகிறது. வெளிர் நிறம் விரும்புகிறவர்கள் அதைக் கேட்கிறார்கள். எந்த மரமானாலும் வெயில் பட்டால் நிறம் மாறும். ஜன்னல் ஓரத்தில் திரை போடுவது நல்லது.

இவற்றோடு இன்னொரு மரமும் இருக்கிறது. அதை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ரப்பர் மரம்! 1877ஆம் ஆண்டில் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த மரம். நம் பாட்டன் பாட்டிமார் இருட்டோடு எழுந்து நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டிய மரம். இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்தபின் அதை வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். முன்பெல்லாம் வெட்டிய மரம் விறகாக எரிந்தது. 1980களில் அது மேசை நாற்காலி ஆகி வெளிநாட்டுக்குக் கப்பலேறத் தொடங்கியது. இன்று அடுக்கு மரத்தளத்தின் நடுப்பலகையாகவும், சில வகைகளில் மேல் தகடாகவும் வருகிறது.

ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். அதனால் வெட்டிய சில நாளிலேயே நீலப் பூசணம் பிடிக்கும், வண்டு துளைக்கும். போரான் மருந்து ஏற்றிச் சூளையில் காயவைத்தால் இந்தத் தொல்லை இல்லை. அந்த மருந்து தண்ணீரில் கரைந்து வெளியேறக் கூடியது. ஆகவே ரப்பர் மரத்தை ஈரமுள்ள இடத்தில் வைக்கவே கூடாது. மருந்தேற்றிய பலகைதானா என்று கேட்டு, அதை ரசீதில் எழுதச் சொல்லி வாங்குங்கள். சரியாகப் பக்குவப்படுத்திய ரப்பர் மரத்தளம் வெளிர் நிறத்தில் அழகாக இருக்கும். அதைப் போட்டால் கௌரவக் குறைவு என்று யாராவது சொன்னால், இந்த நாட்டில் நம் கௌரவத்துக்குச் சோறு போட்ட மரமே அதுதான் என்று பதில் சொல்லுங்கள்.

கரையானும் பசை வாடையும்

ரப்பர் மரத்தை அரித்த கரையானைத் தோட்டத்தில் பார்த்தவர்கள், பட்டணத்து வீட்டிலும் அதன் உறவினர் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். கான்கிரீட்டில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் கரையான் மேலே வந்துவிடும். பலகையின் அடியிலிருந்து தின்னத் தொடங்குவதால், காலுக்குக் கீழே பொத்தென்று உள்வாங்கும்வரை தெரியாது. தரை வீடானால் தளம் போடுமுன் கரையான் மருந்து அடித்துவிடுங்கள். ஈரம் இருக்கும் இடத்தைக் கரையான் தேடி வரும். இதற்கும் முதல் மருந்து தரையைக் காய வைப்பதுதான்.

அடுத்தது பசை. அடுக்குகளை ஒட்டும் பசையில் ஃபார்மால்டிஹைட் என்ற இரசாயனம் கலந்திருக்கலாம். புதுப் பலகையிலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கலக்கும். கண் எரியும், தொண்டை கரகரக்கும். இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. இதற்காகப் பலகைகளுக்குத் தர முத்திரை இருக்கிறது. ஐரோப்பிய முறையில் ஈ1 என்று குறித்திருப்பார்கள். ஜப்பானிய முறையில் எஃப் எழுத்துக்குப் பக்கத்தில் நான்கு நட்சத்திரங்கள் இருந்தால் மிகக் குறைவாக வெளிவிடும் வகை என்று பொருள். பெட்டியில் இந்த முத்திரையைத் தேடுங்கள். கைக்குழந்தையோ இழுப்பு நோயாளியோ உள்ள வீட்டில், தளம் போட்டபின் சில நாள் ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டுப் பிறகு குடிபுகுவது நலம்.

எங்கே போட வேண்டாம்?

வீடு முழுவதும் மரத்தளம் வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். குளியலறைக்கும் துணி துவைக்கும் இடத்துக்கும் மரம் ஆகாது. நம்மவர் சமையலறைக்கும் ஆகாது. அரிசி களைவது, மாவு அரைப்பது, மீன் கழுவுவது என்று நம் சமையலில் தண்ணீரும் எண்ணெயும் ஓயாது. அங்கே டைல்ஸே ஏற்றது.

சாமி அறையையும் யோசியுங்கள். விளக்கிலிருந்து வழியும் எண்ணெய், சாம்பிராணித் தட்டிலிருந்து தெறிக்கும் நெருப்புப் பொறி, மஞ்சள், குங்குமம், அபிஷேகத் தண்ணீர் எல்லாம் மரத்தில் கறையாகப் படியும். அந்த இடத்தில் மட்டும் கல் பதித்துக்கொள்ளலாம். சாமி மேடை கூடத்திலேயே இருந்தால் அதன்முன் ஒரு கல் பலகையோ பித்தளைத் தட்டோ வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளம் வரும் பகுதியில் கீழ்த்தளத்தில் மரம் வேண்டவே வேண்டாம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்த வீடுகளின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். மூழ்கிய டைல்ஸைச் சேறு கழுவி மறுபடியும் புழங்கலாம். மூழ்கிய அடுக்கு மரம் பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகும். அப்படிப்பட்ட வீட்டில் மாடி அறைகளுக்கு மட்டும் மரம் போடுங்கள்.

போடும்போது கவனிக்க வேண்டியவை

பலகைப் பெட்டிகள் வந்த அன்றே வேலை தொடங்க அனுமதிக்காதீர்கள். பெட்டிகளைப் போடப்போகும் அறையிலேயே தட்டையாக அடுக்கி இரண்டு மூன்று நாள் வையுங்கள். நீங்கள் வழக்கமாகக் குளிர்சாதனம் போடும் அறையானால் அப்படியே போட்டு வையுங்கள். மரம் அந்த அறைக் காற்றுக்குப் பழகிக்கொள்ளும்.

தரை மேடு பள்ளமின்றி இருக்க வேண்டும். 2 மீட்டர் நீள நேர்க்கட்டையை வைத்துப் பார்த்தால் 3 மில்லிமீட்டருக்குமேல் இடைவெளி தெரியக் கூடாது. பள்ளத்தின்மேல் போட்ட பலகை மிதிக்க மிதிக்கக் கிறீச்சிடும், பூட்டும் விட்டுப்போகும்.

சுவர் ஓரமெங்கும் 10 அல்லது 12 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். மரம் பருக்கும்போது அதற்குப் போக இடம் வேண்டும் அல்லவா? அந்த இடைவெளியைச் சுவரடிப் பட்டை மூடிவிடும். இடைவெளியைச் சிமெந்தால் அடைக்க வந்தால் தடுத்துவிடுங்கள்.

பலகையைத் தரையில் ஒட்டாமல் மெத்தென்ற தாளின்மேல் ஒன்றோடொன்று பூட்டிப் போடுவது ஒரு முறை. விரைவாக முடியும், செலவு குறைவு, நடந்தால் சற்றே ஓசை கேட்கும். தரையோடு பசை போட்டு ஒட்டுவது இன்னொரு முறை. உறுதியாக இருக்கும், பின்னால் கழற்றுவது கடினம். எந்த முறையானாலும் கீழே ஈரத்தடுப்பு இருக்க வேண்டும்.

பழைய டைல்ஸ் உறுதியாக இருந்தால் அதை உடைக்காமல் அதன்மேலேயே போடலாம். ஆனால் தளம் ஒன்றரை சென்டிமீட்டருக்குமேல் உயரும் என்பதால் கதவுகளின் அடியை இழைக்க வேண்டிவரும். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் இருப்பவர்கள், சிமெந்துப் பூச்சும் தளமும் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதியை நினைவில் கொள்ள வேண்டும். கழகத்தில் பதிவு பெற்ற குத்தகையாளரையே அமர்த்த வேண்டும்.

கணக்கும் கைச்சாத்தும்

12 அடிக்கு 18 அடி கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பரப்பு 216 சதுர அடி. வெட்டிக் கழியும் துண்டுகளுக்காக நூற்றுக்கு 10 சேர்த்தால் ஏறக்குறைய 238 சதுர அடி. பெட்டிக்கு 22 சதுர அடி என்று வைத்துக்கொண்டால் 11 பெட்டி வேண்டும். ஒரே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்த பெட்டிகளா என்று பார்த்து வாங்குங்கள். மிஞ்சும் பலகைகளைத் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்துங்கள். பின்னால் ஒரு பலகை கெட்டால் அதே நிறம் கடையில் கிடைக்காது.

சதுர அடிக்கு இத்தனை வெள்ளி என்ற ஒற்றை எண்ணை நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம். பலகை விலை, அடித்தாள், ஈரத்தடுப்பு, தரை சமன்படுத்துதல், சுவரடிப் பட்டை, கதவு வாசல் பட்டை, பழைய தரை அகற்றுதல், கூலி ஆகிய எட்டுக்கும் தனித்தனியே விலை எழுதி வாங்குங்கள். அதே சீட்டில் மேல் தகட்டின் கனம், மரத்தின் பெயர், நடுப்பலகையின் வகை, தரையில் அளந்த ஈரம் ஆகியவையும் இருக்கட்டும். கடைசித் தொகையை வேலை முடிந்து நடந்து பார்த்தபின் கொடுங்கள்.

இவ்வளவு செய்தும் ஏமாற்றம் நேர்ந்தால் வாய்ச்சண்டை வேண்டாம். மலேசியாவில் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை விசாரிக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை. சிங்கப்பூரில் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரையிலும் விசாரிக்கிறது. இரண்டு இடத்திலும் உங்களுக்காகப் பேசப்போவது அந்தச் சீட்டுத்தான்.

போட்ட பிறகு

மரத்தளத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். வெள்ளிக்கிழமையானாலும் பொங்கலானாலும், மென்மையான துடைப்பத்தால் பெருக்கிவிட்டு, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். நீராவி பாய்ச்சித் துடைக்கும் கருவி மரத்துக்கு ஆகாது. தண்ணீர் சிந்தினால் உடனே ஒற்றி எடுங்கள். நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்டுங்கள். மாவரைக்கும் கனமான கிரைண்டரைத் தரையில் இழுக்காதீர்கள். வாசலில் மிதியடி போடுங்கள். செருப்பில் வரும் மணல்தான் மரத்துக்கு உப்புத்தாள். கோலத்தை டைல்ஸ் பதித்த வாசலிலேயே போட்டுக்கொள்ளலாம்.

இந்த ஒழுங்கெல்லாம் நம் குடும்பத்துக்கு ஒத்துவராது என்று தோன்றினால் டைல்ஸ் தரையோடு நிம்மதியாக இருங்கள். அதில் எந்தக் குறையும் இல்லை. தாயின் படுக்கையறைக்கு மட்டும் மரம் போட்டு, மற்ற இடங்களை அப்படியே விடுவதும் புத்திசாலித்தனமே. போடுவதென்று முடிவு செய்தவர்கள் கடைக்குப் போகுமுன் பதினெட்டு அங்குலப் பிளாஸ்டிக் தாளை வெட்டித் தரையில் ஒட்டுங்கள். ஒரு நாள் பொறுத்து அதன் அடியில் பாருங்கள். நிறத்தைப் பற்றிப் பேச அதற்குப் பிறகு நிறைய நேரம் இருக்கிறது.